பூர்வீக நிலம், பில்டர், டிரஸ்ட்: முதியோர் குடியிருப்பு தொடங்குவது எப்படி?

கோவையைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் டெக்சஸிலும் இருக்கிறார்கள். பில்டர் ஒருவர் வந்து, “சீனியர் லிவிங் போடலாமுங்க, பாதி உங்களுக்கு” என்கிறார். வீட்டுப் பெரியவர், “அப்படியே அம்மா பேர்ல ஆதரவில்லாதவங்களுக்குப் பத்து ரூம் கட்டிக் குடுத்தரலாம்” என்கிறார். இரண்டுமே நல்ல யோசனைகள்தான். இரண்டையும் ஒரே பத்திரத்தில் போட்டு எழுதும்போதுதான் கெட்டுப்போகின்றன.

வாடிக்கையாளர் கிடைப்பார்களா என்ற கவலை வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம் மூன்றும் இருப்பதால் ஓய்வு பெற்றவர்கள் வெகு நாட்களாகவே கோவையைத் தேடி வருகிறார்கள். மத்திய அரசின் 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே இந்த அத்தியாயம் விற்பனையைப் பற்றிப் பேசாது. நிலம், கட்டடம், நடத்துதல் ஆகிய மூன்றையும் எப்படிப் பிரித்து வைப்பது, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் பேசும்.

படி 1: முதலில் சோற்றுக் கணக்கு

வரைபடம் போடும் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேரை இலவசமாக வைத்துக் காப்பாற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சாப்பாடு, நர்ஸ், ஆயாம்மா, மருந்து, கரண்ட், ரிப்பேர் எல்லாம் இதில் அடக்கம்.
2. 20 பேருக்கு மாதம் 3.6 லட்சம். ஆண்டுக்கு 43.2 லட்சம்.
3. வங்கி வட்டி 7 சதவீதம் என்றால் 6.17 கோடி வைப்பு நிதி போதும் என்று தோன்றும். போதாது. விலைவாசி ஏற ஏற அந்த வட்டியின் வாங்கும் சக்தி குறையும். அசலில் 4 சதவீத அளவுக்கு மட்டும் வட்டியைச் செலவழித்து, மீதியை அசலில் சேர்ப்பதுதான் பத்திரமான வழி. அப்படிப் பார்த்தால் 10.8 கோடி தேவை.

இனி தலைகீழாகப் பாருங்கள். பல குடும்பங்களின் கையில் எட்டுக் கோடி மதிப்புள்ள நிலமும் ஒரு கோடி ரொக்கமும் இருக்கும். ஒரு கோடிக்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4 லட்சம். ஒருவருக்கு ஆண்டுச் செலவு 2.16 லட்சம். இரண்டு பேருக்குக்கூடக் காணாது! இருபது அறை கட்டித் திறந்துவிட்டால் பதினெட்டு அறைக்கு மேல் நன்கொடையை நம்பி ஓடும். திறப்பு விழா நடந்த ஆண்டு நன்கொடை தாராளமாக வரும், நான்காவது ஆண்டு வராது.

கோவையில் இதற்குக் கண்ணெதிரே பாடம் இருக்கிறது. பீளமேட்டு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்குப் போனது. அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அறத்துக்கு ஒரு கட்டடத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் விலகிக்கொள்ளவில்லை, ஒரு மகனுக்குச் சமமான பங்கையே ஒதுக்கினார்கள். உங்கள் திட்டத்திலும் விற்பனைக்குப் போகும் வீடுகளில் குடும்பத்துக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு வைப்பு நிதிக்குப் போயாக வேண்டும். எவ்வளவு என்பதை இப்போதே, பணம் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

படி 2: குடும்பத்தின் கையெழுத்துகள்

பூர்வீகச் சொத்து என்றால் அண்ணன் தம்பி மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் திருத்தியபின் மகள்களுக்கும் அதில் உரிமை உண்டு. “தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு” என்பது பத்திரத்தில் நிற்காது. தங்கச்சியும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். பங்குதாரர்களில் மைனர் யாராவது இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுப்பதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபாலில் வந்ததைப் பீரோவில் வைத்து மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

படி 3: நிலத்தைச் சோதித்தல்

- தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றிலும் பெயரும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். பத்திரத்தில் 3 ஏக்கர், பட்டாவில் 2.80 என்று இருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.
- நிலத்துக்குள் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று புலப்படத்தில் பாருங்கள். இன்றைக்குத் தண்ணீர் வராத வாய்க்காலும் வாய்க்கால்தான்.
- கோவையின் மேற்கு விளிம்பில், தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் நிலம் இருந்தால், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் அந்தக் கிராமம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அந்த அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. அனுமதி கிடைத்தாலும் ஒன்று யோசியுங்கள்: அந்தப் பக்கம் யானை ஊருக்குள் வந்து போகிற இடம். விடியற்காலை ஐந்து மணிக்கு வாக்கிங் கிளம்பும் எழுபது வயதுக்காரர்களை வைத்து அங்கே நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.
- 24 மணி நேர அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு இரவில் ஒருமுறையும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருமுறையும் காரில் போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் கணக்கு ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது.

படி 4: நிலத்தை இரண்டாகப் பிரியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடும் படி இது. வீடுகளை விற்கும்போது பில்டர் ஒவ்வொரு வாங்குபவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எழுதிக் கொடுப்பார். டிரஸ்ட் நிலமும் அதே சர்வே எண்ணில் கலந்து கிடந்தால் எது யாருடையது என்று பத்து ஆண்டு கழித்து நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே பில்டரோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உட்பிரிவு செய்து, விற்பனைப் பகுதிக்கு ஒரு பட்டா, டிரஸ்ட் பகுதிக்கு ஒரு பட்டா என்று தனித்தனியாக வாங்குங்கள். அதோடு பாதை, குடிநீர்க் குழாய், கழிவுநீர் சுத்திகரிப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றை டிரஸ்ட் கட்டடம் பயன்படுத்தும் உரிமையைத் தனியாக எழுதிப் பதிவு செய்யுங்கள். விற்ற பகுதியின் பொது இடங்கள் ஒருநாள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கைக்குப் போகும். இன்றைக்கு நட்பாக இருக்கும் சங்கம், தலைவர் மாறியதும், “எங்க ரோட்டுல உங்க வண்டி எதுக்கு?” என்று கேட்டால் கையில் பத்திரம் இருக்க வேண்டும்.

படி 5: டிரஸ்ட் எழுதுதல்

தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளைகளுக்கு மகாராஷ்டிரத்தைப் போலத் தனி ஆணையர் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரத்தைப் பதிவு செய்து தொடங்கலாம். எளிது என்பதால்தான் பத்திரத்தைக் கவனமாக எழுத வேண்டும். பின்னால் வந்து திருத்துவார் யாருமில்லை. பத்திரத்தில் விடாமல் இருக்க வேண்டியவை:

1. டிரஸ்டிகளில் குறைந்தது இருவர் குடும்பத்துக்கு வெளியே இருந்து. ஒரு மருத்துவரும் ஒரு ஆடிட்டரும் இருந்தால் நல்லது.
2. எல்லோருக்கும் பதவிக்காலம். “மூத்த ஆண் வாரிசு ஆயுளுக்கும் நிர்வாக டிரஸ்டி” என்ற வரியைத் தயவுசெய்து போடாதீர்கள். அந்த வாரிசுக்கு இதில் ஆர்வம் இல்லாமல் போனால் எல்லாமே நின்றுவிடும்.
3. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று வெளியாருடையது.
4. டிரஸ்ட்டை மூட நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு டிரஸ்ட்டுக்குப் போகும் என்ற விதி. பொது டிரஸ்ட்டுக்குக் கொடுத்த நிலம் குடும்பத்துக்குத் திரும்பாது. இதைக் கையெழுத்துப் போடும் எல்லோருக்கும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரிப் பதிவு. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் பழக்கத்தில் 12ஏபி (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். முறையான பதிவுக்கு மாற்றும் தேதியையும் புதுப்பிக்கும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பணம் வாங்கும்போது செய்யும் தவறுகள்

*நிலத்துக்கு 80ஜி கிடைக்கும் என்று நினைப்பது.* பணமாகக் கொடுத்தால்தான் 80ஜி. நிலம், கட்டில், அரிசி மூட்டை எதற்கும் கிடையாது. ரொக்கமாக வந்தால் 2,000 ரூபாய் வரைதான்.

*வைப்பு நிதியைச் சாதாரண நன்கொடையாக வாங்குவது.* டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்பது பொது விதி. “இது கார்பஸ் நிதிக்கு” என்று கொடுப்பவர் எழுத்தில் கொடுத்து, பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் போட்டால்தான் அந்தக் கணக்கிலிருந்து விலகும். ஒரு வரிக் கடிதம் இல்லாமல் கோடிக்கணக்கில் வரிச் சிக்கலில் மாட்டலாம்.

*அமெரிக்க மகனிடம் நேராகப் பணம் வாங்குவது.* இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவு பெறப் பொதுவாக டிரஸ்ட்டுக்கு 3 ஆண்டு செயல்பாடும் அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். பெற்ற தாய் பெயரில் நடக்கும் டிரஸ்ட்டாகவே இருந்தாலும் விதி இதுதான்.

*சொந்தக்காரருக்கு அறை கொடுப்பது.* இது கட்டாயம் நடக்கும். “நம்ம டிரஸ்ட்டு தானுங்களே, சித்தப்பாவுக்கு ஒரு ரூம் போட்டா என்னங்க?” என்று யாராவது கேட்பார்கள். நிறுவியவருக்கும் நெருங்கிய உறவினருக்கும் டிரஸ்ட் சலுகை தந்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. சித்தப்பாவுக்கு விற்பனைப் பகுதியில் ஒரு வீட்டை எடுத்து, குடும்பமே வாடகை கட்டட்டும். இந்தப் பதிலை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து வைத்தால் பிறகு மனஸ்தாபம் குறையும்.

படி 6: பில்டரோடு ஒப்பந்தம்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் விற்பனைப் பகுதிக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரமும் கூடாது, அட்வான்ஸும் கூடாது. நிலம் கொடுத்தவர் என்பதால் நீங்கள் ஒதுங்கி நிற்க முடியும் என்று நினைக்காதீர்கள். ரெரா சட்டம் கட்டுபவரையும் விற்பவரையும் சேர்த்தே புரமோட்டர் என்கிறது. உங்கள் பங்கு வீடுகளை நீங்கள் விற்றால் வாங்கியவர் உங்கள் மீதும் புகார் கொடுக்கலாம். கட்டுமானக் குறைகளுக்கான 5 ஆண்டுப் பொறுப்பும் அதில் வரும்.

ஒப்பந்தத்தில் வரிவரியாகப் பார்க்க வேண்டியவை:

1. பவர் பத்திரம். பொது அதிகாரம் தராதீர்கள். எந்த உட்பிரிவு எண், எத்தனை வீடு, என்னென்ன வேலைக்கு என்று அளந்து கொடுங்கள். நிலத்தை அடமானம் வைக்கும் அதிகாரம் வேண்டவே வேண்டாம். டிரஸ்ட் பகுதியின் எண் அந்தப் பத்திரத்தில் எங்கும் வரக் கூடாது.
2. டிரஸ்ட் கட்டடம் எப்போது? “கடைசிக் கட்டத்தில் கட்டித் தரப்படும்” என்றால் கட்டப்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிளாக்கோடு சேர்த்து அடித்தளம், இரண்டாம் பிளாக்குக்கு முன் கூரை என்று இணைத்து எழுதுங்கள்.
3. வைப்பு நிதி எந்தப் பணத்திலிருந்து? ரெரா விதிப்படி வாங்குபவர்களிடம் வரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், நிலம் மற்றும் கட்டுமானச் செலவுக்கு மட்டுமே எடுக்கலாம். ஆக பில்டர் டிரஸ்ட்டுக்குத் தருவதாகச் சொன்னது மீதி 30 சதவீதத்திலிருந்துதான் வரும். எந்தத் தேதியில், எத்தனை தவணை என்று எழுதி வாங்குங்கள்.
4. நடத்துவது யார்? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல், கட்டுபவர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பரிந்துரைக்கிறது. அதைக் கேளுங்கள். பில்டருக்குக் கட்டத் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு இரவு ஏழரை மணிக்குச் சாப்பாடு தரத் தெரியும் என்று சொல்ல முடியாது.

குறிப்பு: பில்டர் நிறுவனம் பெரியது என்றால் அதன் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதியைக் கேட்கலாம். முதியோர் இல்லம் அமைப்பது கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. அதை வாங்க உங்கள் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

படி 7: கட்டும்போது நேரில் நின்று பார்க்க வேண்டியவை

- குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது இழுக்கும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அப்போது உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும், உடைந்த கதவும் அவர் மேலேதான் விழும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படியாக இருக்கட்டும்.
- கைப்பிடிக் கம்பியை எடையில்லாத பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டுப் போவார்கள். முதல் முறை ஒருவர் முழு எடையையும் போட்டுப் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் கான்கிரீட் வைக்கச் சொல்லி, பூச்சுக்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். கட்டி முடிந்ததும் திடகாத்திரமான மேஸ்திரியையே தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.
- கதவுத் திறப்பு 900 மில்லிமீட்டர். சாய்தளம் 1:12, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். “கொஞ்சம் செங்குத்தா போட்டா எடம் மிச்சங்க” என்பார்கள், விடாதீர்கள்.
- நிலைப்படியே வேண்டாம். மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று பெரியவர்களே கேட்டால் கோடு மட்டும் இழுத்துத் தாருங்கள்.
- லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் படுக்கைவசமாக நுழைய வேண்டும். வரைபடத்தை நம்ப வேண்டாம். ஒரு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து தள்ளிப் பாருங்கள்.
- அழைப்பு மணியின் கயிறு தரைக்கு ஒரு சாண் மேல்வரை தொங்க வேண்டும். விழுந்தவருக்குச் சுவர் பட்டன் எட்டாது.
- எழுந்து நடமாட முடியாதவர்கள் தரைத்தளத்தில் மட்டும். இரவில் தீப்பிடித்தால் லிஃப்ட் ஓடாது.

படி 8: திறப்பதும் நடத்துவதும்

முதியோர் இல்லமாக நடக்கும் பகுதியை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி.

கட்டணம் வாங்கும் அறைகளும் டிரஸ்ட்டில் இருந்தால் ஒரு எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். 12ஏபி பதிவுள்ள டிரஸ்ட் 60 வயதைத் தாண்டியவர்களிடம் தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. வசதியுள்ளவர்களுக்கு முழுக் கட்டணத்தில் வீடு தருவது வரி அதிகாரி கண்ணில் தொழிலாகத்தான் தெரியும். அது பில்டர் பக்கமோ சேவை நிறுவனத்தின் பக்கமோ இருக்கட்டும், டிரஸ்ட்டுக்குள் இழுக்க வேண்டாம்.

இருபது அறை தயாராக இருந்தாலும் ஐந்து பேரோடு தொடங்குங்கள். சமையல்காரர் லீவு போடும் நாள், மோட்டார் எரியும் நாள், நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறும் நாள் மூன்றையும் பார்த்த பிறகு அடுத்த ஐந்து பேரைச் சேர்க்கலாம்.

சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல். அதில்:

1. இரண்டு வேறு ஆட்களின் தொலைபேசி எண்கள். ஒருவர் உள்ளூரில் இருக்க வேண்டும்.
2. சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், டாக்டர் கையெழுத்தோடு.
3. எந்த மருத்துவமனை, செலவு யாருடையது.
4. படுக்கையில் விழுந்தால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வேறு இடம் போக வேண்டுமா என்பதற்கான உங்கள் எழுத்துப்பூர்வ பதில். பல இடங்களில் இதைச் சொல்வதே இல்லை. சண்டைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.
5. இறந்தால் யாருக்குச் சொல்வது, யார் வரும்வரை வைத்திருப்பது, எரிப்பதா புதைப்பதா, ஃப்ரீசர் பெட்டி யார் ஏற்பாடு. கேட்கக் கூச்சமாக இருக்கும். பெரியவர்கள் கூச்சப்படுவதில்லை, பெரும்பாலும் பதிலைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள்.

108 எண்ணையும் முதியோர் உதவி எண் 14567ஐயும் நர்ஸ் மேசையில் மட்டும் ஒட்டாமல் ஒவ்வொரு அறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். டிரஸ்ட்டின் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைச் சாப்பாட்டுக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். உள்ளே இருப்பவர்களில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவராவது இருப்பார். பால் பில்லிலிருந்து டீசல் பில் வரை அவர் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார், பதில் சொல்ல மேனேஜரைப் பழக்குங்கள்.